படம் மாட்டாத கடை

“உங்க கடையில ஏன் ஒரு போட்டோகூட மாட்டல?”

வந்த பெண்மணி இன்னும் நாற்காலியில்கூட உட்காரவில்லை, அதற்குள் விசாரணை ஆரம்பமாகிவிட்டது. மாஸ்டருக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக வழுக்கைத் தலைகளுக்கு முடி ஒட்டுகிறவர் அவர். ஊசி கிடையாது, ஆபரேஷன் கிடையாது. அளவெடுத்து, பேட்ச் ஒட்டி, சீவி அனுப்பிவிடுவார். அதே தெருவில் மற்ற இரண்டு கடைகளும் ‘முன்பு, பின்பு’ என்று ஆள் உயரத்துக்குப் படம் காட்டும்போது, இவர் சுவரில் காலண்டர் மட்டும்தான் தொங்கும்.

“வர்றவங்க முகத்தைக் காட்டி நான் பிழைக்க வேண்டாம்மா. ஊருக்குத் தெரியக் கூடாதுன்னுதானே ஒட்டிக்கவே வர்றாங்க?”

“அதுக்குத்தான் கேட்டேன். முதல் கடையில சுவர் பூரா படம். அடுத்த கடைக்காரர், ‘நம்பலைன்னா இவரைக் கேளுங்க’ன்னு என் கண்ணு முன்னாடியே ஒரு கஸ்டமருக்குப் போன் போட்டார். பேரு, வேலை எல்லாத்தையும் உளறிட்டார். பாவம், அந்த மனுஷன்.”

மாஸ்டர் உள்ளுக்குள் பூரித்துப்போனார். “உட்காருங்கம்மா. யாருக்கு?”

“என் வீட்டுக்காரருக்கு.” கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

பிரித்தார். பழைய பேட்ச். கிட்டத்தில் நின்று பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத உசத்தி வேலை. ஆனால் நட்டநடுவே கத்தரி ஓடியிருந்தது.

“அடப்பாவமே! யாரும்மா இதை இப்படி வெட்டினது?”

“அவசரத்துல வெட்டிட்டாங்க.”

வெட்டிட்டாங்களாம், இவள் இல்லையாம்! அவள் கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன. புருஷன் பெண்டாட்டி சண்டை முற்றிப்போய், கோபத்தில் கையில் கிடைத்ததை வெட்டிவிட்டு இப்போது கடை கடையாக அலைகிறாள் என்று அவராகவே முடிவுகட்டினார். இந்தத் தொழிலில் அவர் பார்க்காத சண்டையா?

“இதைப் போட்டுவிட்டவர்கிட்டயே போயிருக்கலாமே?”

“அது யாருன்னு எனக்குத் தெரியாது. இவரைக் கேக்கவும் முடியாது.”

பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது. மாஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“சரி, இதே அளவுல ரெடியா ஒண்ணு இருக்கு. பசையா, டேப்பா? பசைன்னா ஒரு மாசம் அசையாது. டேப்னா ஒரு வாரம்.”

“ஒரு நாள் நின்னா போதும்.”

“வீட்டுல விசேஷமா?”

“சொந்தக்காரங்க எல்லாரும் வர்றாங்க. கிட்டக்க வந்து முகத்தைப் பாப்பாங்க. என் கொழுந்தனுங்க ரெண்டு பேர் இருக்காங்க. அண்ணனை எதுல மட்டம் தட்டலாம்னே அலையறவங்க. அவங்க வாயில இவர் விழவே கூடாது.”

“அந்தக் கவலையை என்கிட்ட விடுங்க. ஆனா பசையை முதல்ல கையில தடவி ஒரு நாள் பாக்கணும். சிலருக்கு அரிக்கும், கொப்பளிக்கும்.”

“அரிக்காது.”

“நீங்க சொன்னா ஆச்சா? அவர் தலை எப்படின்னு அவருக்குத்தானே தெரியும்?”

“ஆமா, அவருக்கு மட்டும்தான் தெரியும். நான் தொட்டா எரிஞ்சு விழுவார்.” அவள் சிரித்தாள். பார்க்கவே சங்கடமாக இருந்தது. “நீங்க தைரியமா ஒட்டுங்க. ஒண்ணும் சொல்ல மாட்டார்.”

மாஸ்டருக்குத் தொழில் பிடிவாதம் வந்துவிட்டது. “இதோ பாருங்கம்மா, நான் வெளியில மூச்சு விட மாட்டேன். அதுக்காக வேலையை அரைகுறையாவும் செய்ய மாட்டேன். மூணு மணிக்கு சாரைக் கூட்டிட்டு வாங்க. கதவைச் சாத்திட்டுப் பொறுமையாப் பண்ணிடலாம்.”

“நீங்கதான் வரணும்.”

“வீட்டுக்கா? தாராளமா வர்றேன். விலாசம் சொல்லுங்க.” டைரியைத் திறந்து பேனாவை எடுத்தார்.

“ஆஸ்பத்திரி மார்ச்சுவரிக்கு. அஞ்சு மணிக்கு உடம்பைக் கொடுத்துடுவாங்க,” என்றாள். “பதினாலு வருஷம் கூட வாழ்ந்தவ நான், என்கிட்டயே மறைச்சிட்டார். இன்னிக்குக் காலையில அவரோட வாட்ச்சையும் மோதிரத்தையும் கொடுக்கும்போது இதையும் சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாங்க, அப்பதான் எனக்கே தெரியும்.”