நுரை அடங்கும் வரை

சமையலறையிலிருந்து முதலில் 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல். அடுத்து, 'டமார்!' அப்புறம் சொத்துச் சொத்தென்று எதுவோ விழும் சத்தம்.

இருட்டி அரை மணிகூட ஆகவில்லை. வீட்டில் அவளும் கைக்குழந்தையும் மட்டும்தான்.

கணவனுக்கு அச்சகத்தில் இரண்டாம் ஷிப்ட். வர நேரமாகும். வாசல் தாழ்ப்பாளோ துருவேறி, குடிவந்த நாளிலிருந்து பாதிக்கு மேல் நகராது. நாற்காலியைத்தான் முட்டுக்கொடுத்திருந்தாள். அதை எட்டி உதைத்துவிட்டு, இடுப்பில் குழந்தை, கையில் குடையோடு எதிர் வீட்டுக்கு ஓடினாள்.

"அக்கா! திருடன்! சமையக்கட்டுல!"

எதிர் வீட்டில் இருப்பது டிப்ஸ் அக்கா. அந்தப் பெயரை வைத்ததே இவள்தான். இவளைக் கண்டால் போதும், அக்காவுக்குக் குறிப்பு பொங்கும். கண்ணாடிக்குப் பழைய பேப்பர், குழாய்க் கறைக்கு வினிகர், தேய்ந்த சோப்புத் துண்டுகளுக்குக் கிழிந்த சாக்ஸ். "தாழ்ப்பாள்ல மெழுகுவத்தியைத் தேய்ம்மா, வழுக்கிட்டு ஓடும்" என்று பார்க்கும்போதெல்லாம் ஒரு பாட்டு.

அப்புறம் வந்ததுதான் அந்தப் பாட்டில்.

"எலுமிச்சைத் தோல், சர்க்கரை, தண்ணி. ஊறினா தரை துடைக்கிற லோஷன் ரெடி. கடைக்காரனுக்கு எதுக்குக் காசு அழணும்?"

"உங்க வீட்லயே வைக்கலாமேக்கா?"

"எங்க வீட்டுல வெக்கை ஜாஸ்திம்மா. தினமும் மூடியத் திறந்து காத்தை விடணும். நானே வந்து விடறேன்."

அன்றிலிருந்து இருட்டியதும் அக்கா ஆஜர். மூடியைத் திறப்பார். நாலு தும்மல் தும்முவார். "நுரை அடங்கட்டும்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அது என்ன நுரையோ, இவள் கணவனின் பைக் சத்தம் கேட்ட பிறகுதான் அடங்கும்.

"ஒரு லோஷன் வாங்கக் கை வராத கஞ்சம்! அதுக்கு நம்ம வீடு குடோனா?" என்று கணவனிடம் பொருமித் தீர்த்தாள்.

மூன்று நாளைக்கு முன்னால், கான்வென்ட்டில் படித்த அத்தனை நாகரிகத்தையும் திரட்டிச் சொல்லியும் விட்டாள். "உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்? இனிமே நானே திறந்துக்கறேன்."

அக்காவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. "சரிம்மா. மறக்காமத் திற. விட்டா அது கோவிச்சுக்கும்."

அப்படிப்பட்ட அக்கா இப்போது துடைப்பத்தோடு முன்னால் நடக்க, அவர் வீட்டுக்காரர் டார்ச்சோடு பின்னால் வர, கடைசியில் குடையும் குழந்தையும்.

"எவன்டா அது? மரியாதையா வெளிய வா!" வீட்டுக்காரர் உறுமத்தான் நினைத்தார். கீச்சென்று வந்தது.

பதிலுக்கு அவருடைய வழுக்கையில் சொத்தென்று ஒன்று விழுந்தது.

"ஐயோ, அடிச்சிட்டான்!"

தடவிப் பார்த்தார். எலுமிச்சைத் தோல்.

நிமிர்ந்தார்கள். சீலிங் முழுக்கத் தோல். சுவரெல்லாம் நுரை. மேடையில் பாட்டில் வாய் பிளந்து கிடந்தது. மூடியைக் காணவே காணோம்.

"திறந்தியாம்மா?"

"மறந்தே போயிட்டேன்க்கா..."

முதலில் குழந்தைதான் 'கெக்கெக்கே' என்றது. அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. அக்கா துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு பாதி, தும்மல் பாதி.

"ஏங்க... அச்! நம்ம பாத்ரூம்ல இருக்கறதை... அச்! எடுத்துட்டு வாங்க. தரையெல்லாம் பிசுபிசுங்குது."

வீட்டுக்காரர் கொண்டுவந்து வைத்தார். பளபளவென்று, விலைச் சீட்டுகூடக் கிழிக்காத, நீல நிற லோஷன்.

அவளுக்குச் சுருக்கென்றது. "அக்கா! இது கடையில வாங்கினதாச்சே! உபதேசம் எல்லாம் ஊருக்குத்தானா?"

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைப்பதில் மும்முரமானார்.

வீட்டுக்காரர்தான் வாயைத் திறந்தார். "இவளுக்கு எலுமிச்சைத் தோல் வாடையே ஆகாதும்மா. எங்க வீட்டுல எப்பவும் இந்த நீல பாட்டில்தான்."

"நீங்க கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?"

"இருந்தது போதும்டி. 'இருட்டினா அந்தப் பொண்ணு கதவுக்கு நாற்காலி இழுக்கற சத்தம் கேக்குது. துணைக்கு வரேன்னு சொன்னா கூச்சப்படும். போய் உக்கார ஒரு சாக்கு வேணும்'னு உக்காந்து யோசிச்சா. இவ குறிப்பு படிக்க ஆரம்பிச்சதே உனக்காகத்தான்."

அவளுக்குக் கண் எரிந்தது. எலுமிச்சைதான் என்று சொல்லிக்கொண்டாள்.

துடைத்து முடித்து வீட்டுக்காரர் கிளம்ப, அக்காவும் துடைப்பத்தோடு எழுந்தார்.

"அக்கா, ஒரு நிமிஷம்."

அவள் ஒரு காலி பாட்டிலைக் கழுவினாள். குழாயடியில் பிடித்து நிரப்பினாள். இறுக்க மூடி மேடையில் வைத்தாள்.

"இதை யார் திறந்து விடறது?"

அக்கா பாட்டிலைப் பார்த்தார். "வெறும் தண்ணிம்மா இது."

"தும்மல் வராது பாருங்க."

"தண்ணியில ஏதும்மா நுரை?"

"வரும்க்கா. அவர் பைக் சத்தம் கேக்கற வரைக்கும் அடங்காது."

அக்கா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் ஒரு மெழுகுவத்தித் துண்டைத் தேடி எடுத்து, தாழ்ப்பாளில் அழுத்தித் தேய்த்தாள். தள்ளினாள்.

அக்கா சொன்ன மாதிரியே வழுக்கிக்கொண்டு ஓடி, முதல் முறையாக அந்தக் கதவு உள்ளேயிருந்து தாழிட்டுக்கொண்டது.