இடது கன்னம்

காலையில் வாய் கொப்பளித்தபோது, தண்ணீர் முப்பிடாதியின் இடது கடைவாயில் தானாக வழிந்தது. தின்ற இட்லி அந்தக் கன்னத்துக்குள்ளேயே ஒதுங்கிக் கிடந்தது. கண்ணை மூடினால் இடது இமை பாதியில் நின்றது. நாத்தனார் செல்லக்கனிதான் கவனித்து, ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. முதல் குலவை எப்போதும் முப்பிடாதியுடையது.

“மதினி, வாய் கோணிக் கெடக்கு. இன்னைக்கு வேற யாராவது போடட்டும். சனம் சிரிக்கும்.”

“சிரிக்கிறவளுக்கு வாய் நேராத்தான இருக்கு? சிரிச்சிட்டுப் போறா.”

தீபாராதனையின்போது முப்பிடாதி நாக்கைச் சுழற்றினாள். உதட்டோரம் வெறும் காற்றுதான் புஸ்ஸென்று போனது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் அம்மனை முறைத்தாள். சரிந்த கன்னத்தை உள்ளங்கையால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி தொடங்கினாள். குலவை மேளத்தையும் தாண்டி ஏறியது.

அவளைப் பார்த்தே குலவை போட்டுப் பழகிய பெண்கள், ஒவ்வொருத்தியாக இடது கன்னத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். செல்லக்கனி திரும்பிப் பார்த்தாள். சிரித்தவள் யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை. சிரித்தவளுடைய கையும் கன்னத்துக்குப் போயிருந்தது.