வாசலில் முகர்ந்தவள்

வெள்ளத்தில் புற்றை இழந்த எறும்புகள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தன. மேட்டுப் புற்றின் தலைவி செம்பிக்கு அவற்றை உள்ளே விட மனமில்லை. பல புற்றுகளுக்குச் சட்டம் எழுதிக் கொடுத்த கருவண்டை வரவழைத்தாள்.

"வெளியாளை எப்படிம்மா கண்டுபிடிப்பீங்க?" என்றது வண்டு.

"மீசையால தொட்டு மோந்து பார்ப்போம்."

"அப்போ ஒரே வரி போதும். வேற வாசனை அடிச்சா உள்ளே விடக்கூடாது." சொல்லிவிட்டு வண்டு அடுத்த புற்றுக்குப் பறந்தது.

செம்பியே வெளியே போய் அதை அறிவித்தாள். நனைந்த எறும்புகள் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதன. உதறிவிட்டு ஓடி வந்தாள். மறுபடி மழை பிடித்துக்கொண்டது.

வாசல் காவலுக்கு நின்ற பொடிச்சி மீசையால் அவளைத் தடவினாள். "வேற வாசனை அடிக்குதுக்கா."

"ஏய், நான்தான்டி! சட்டம் போட்டவளே நான்தான்!"

"குரல் தெரியுதுக்கா. ஆனா சட்டத்துல குரலைப் பத்தி ஒண்ணுமில்லையே." பொடிச்சி மண்ணை இழுத்து வாசலை அடைத்தாள்.

வெளியே செம்பியின் கதறல் தேய்ந்து நின்றது. பொடிச்சி உள்ளே திரும்பினாள். இருட்டில் நின்ற இன்னொரு காவல்காரி, செம்பியைத் தடவிய அந்த மீசையைத் தொட்டு முகர்ந்தாள்.

பிறகு, பொடிச்சியை வாசல் பக்கம் திருப்பிவிட்டு, அடைத்த மண்ணை மெதுவாக விலக்கத் தொடங்கினாள்.