மூச்சு விடாத செவலை

தெருவில் தனியாய்த் திரிந்த செவலை நாயை ரெஜினா வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அதை நடைக்குக் கூட்டிப்போக மார்புப்பட்டை தைக்க அளவு நாடாவை எடுத்து அளந்தாள். நாடாவோடு அவள் கைகளும் அதன் நெஞ்சைச் சுற்றி வந்தன. அதுவரை யாரும் செவலையை அப்படி அணைத்ததில்லை. அது மூச்சை இழுத்து நெஞ்சை உப்ப வைத்துக்கொண்டது.

"மூச்சை விடுடா, இல்லாட்டி பட்டை தொளதொளன்னு போயிடும்," என்றது நாடா.

"விட்டா அளந்து முடிச்சுக் கையை எடுத்துடுவாளே அண்ணே," என்றது செவலை.

பட்டை தொளதொளவென்றுதான் அமைந்தது. முதல் நாள் நடையிலேயே கழன்று விழுந்தது. எதிரே தெரு திறந்து கிடந்தது.

"ஓடிடாதடா!" என்று ரெஜினா பதறினாள்.

செவலை பட்டையைக் கவ்வி வந்து அவள் காலடியில் போட்டுவிட்டு, மறுபடி மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்தி நின்றது.