மோதிர விரலுக்கு மேலே சிவப்புப் புள்ளி

மில்வாக்கி நகரில், கனமான பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் கூடத்தின் மூலையில், பந்துக்கு விரல் துளை போடும் கண்ணாடிக் கூண்டு மாதிரியான கடைக்குள், மாமனாரின் பந்தில் போட்ட முதல் துளையிலிருந்து நீலத் தூளை ஊதிவிட்டு நிமிர்கிறாள் ஜெனெல். கண்ணாடிக்கு அப்பால் மாமனார் எர்வின் பீர் கோப்பையை உயர்த்திக் காட்டுகிறார், இடக்கையால். அவர் இடக்கைக்காரர் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. பந்தின் உள் எடை எந்தப் பக்கம் என்று காட்டும் சிவப்புப் புள்ளி மோதிர விரல் துளைக்கு மேலே அமைந்தால்தான் பந்து நேராக ஓடிக் கடைசியில் வளையும். அவளோ வலக்கைக்காரர் கணக்கில் குறித்துவிட்டாள். எர்வினுக்குப் புள்ளி நடுவிரல் பக்கம் போய்விட்டது. இனிப் பந்து பாதியிலேயே திரும்பிவிடும். பசை ஊற்றித் துளையை அடைத்தால் காய ஒரு நாளாகும். இறுதி ஆட்டமோ இன்று மாலை. "என் மருமக துளை போட்டா பந்து சொன்ன பேச்சு கேக்கும்டா!" என்று கூட்டாளிகளிடம் பீற்றிக்கொண்டே எர்வின் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறார். "என்னம்மா, அப்படியே நின்னுட்ட?" "கண்ணுல தூசி," என்று சொல்லி, அடுத்த துளைக்குத் துளைபோடும் இயந்திரத்தின் கைப்பிடியை இறக்குகிறாள்.