சத்தம் நிற்கக் கூடாது

கணுக்கால் வரை தொங்கிய மழைக்கோட்டைக் கழற்றிக் கட்டிலின் மேல் போட்டாள் ரிப்பேர்க்காரம்மா. ஹெல்மெட்டையும் பக்கத்திலேயே கவிழ்த்து வைத்தாள். ஏதோ சொந்த வீட்டுக்கு வந்தவள் மாதிரி சித்தப்பாவிடம் சிரித்துப் பேசிக்கொண்டே கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருந்த நம்பிக்கையும் போய்விட்டது. வெளி ஆள் ஒருத்தரை இந்த அறைக்குள் வரவழைக்கத்தான், பாவம், அவள் இவ்வளவு பாடுபட்டிருந்தாள்.

அப்பா போன பிறகு சித்தப்பா வீடுதான் கதி என்று வந்தவள். அவர் பிடித்துவரும் டைப்பிங் வேலை மொத்தமும் அவள் தலையில் விழுந்தது. அவள் ஓட்டிக்கொண்டிருந்த ஸ்கூட்டரை விற்றார். அப்புறம் போனையும் பிடுங்கிக்கொண்டார். போன் போவதற்கு முன் தோழி ஒருத்தி இவளுக்காக வேறொரு வேலை பார்த்து வைத்திருந்தாள். இன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அதுவும் இல்லை.

ஜன்னலில் கம்பி. கதவுக்கு வெளியே சித்தப்பாவின் நாற்காலி. உள்ளே தட்டுகிற சத்தம் நின்றால் போதும், கதவு திறந்துவிடும்.

"யப்பா, என்ன கனம்," என்றாள் ரிப்பேர்க்காரம்மா. குப்புறப் போட்டு, அடியில் மங்கிக் கிடந்த லேபிளைப் படித்தாள். "இது ஸ்பிரிங் கீபோர்டு சார். ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலயும் ஒண்ணு இருக்கும். அமுக்கினா மடங்கி டக்குன்னு அடிக்கும். உங்க பொண்ண விட இதுக்கு வயசு ஜாஸ்தி. புதுசு வாங்கிடலாமே?"

"என் பொண்ணு இல்ல, அண்ணன் பொண்ணு. புதுசுல சத்தம் வராதும்மா," என்றார் வாசலில் நின்ற சித்தப்பா. "எனக்குச் சத்தம் வேணும். திடீர்னு நடு வரிசை மட்டும் ஊமையாயிடுச்சு."

ரிப்பேர்க்காரம்மா ஒரு பட்டனைப் பெயர்த்தாள். சின்ன இடுக்கியை உள்ளே விட்டு இழுத்தாள். வெள்ளைப் பஞ்சு வந்தது. அடுத்ததிலும் பஞ்சு. அவள் பார்வை கட்டிலுக்குப் போய், தையல் பிரிந்த தலையணையில் நின்றது.

"தானா கெட்டதில்ல சார். யாரோ பஞ்சு அடைச்சிருக்காங்க."

"யாரோ என்ன யாரோ, இந்த மகராணிதான்," என்று பல்லைக் கடித்தார் சித்தப்பா. "நீ முடிச்சுட்டுப் போம்மா. அப்புறம் நான் கவனிச்சுக்கறேன்."

பஞ்செல்லாம் வெளியே வந்ததும் கீபோர்டைப் பெண்ணின் பக்கம் தள்ளினாள். "எல்லாத்தையும் தட்டிக் காட்டு, பாப்போம்."

வாசலில் நின்றவருக்குத் திரையின் முதுகுதான் தெரியும். இதை விட்டால் வேறு நேரம் வாய்க்காது. பெண் தட்டினாள்: 'அக்கா, என்னை அடைத்து வைத்திருக்கிறார். எப்படியாவது வெளியே அனுப்புங்கள்.'

ரிப்பேர்க்காரம்மா குனிந்து படித்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. விரலை நீட்டி ஒரு பட்டனை அமுக்கியபடியே இருந்தாள். எழுத்துகள் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கரைந்து, திரை வெறுமையானது.

"அழிக்கிற பட்டன் நல்லா வேலை செய்யுது சார்."

பெண் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். கடைசியில் இவளும் அவர் கட்சிதான். இனி இந்தக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டியதுதான்.

ரிப்பேர்க்காரம்மா வாசலுக்குப் போனாள். "ஒரு ஸ்பிரிங் செத்துப்போச்சு சார். வண்டில போய் எடுத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் உள்ள தட்டிட்டே இருக்கணும். சத்தம் நின்னா மத்ததும் இறுகிக்கும். நீங்க நடுவுல கதவத் திறந்து பேச்சுக் குடுத்துடாதீங்க."

"நான் ஏம்மா திறக்கறேன்? சத்தம் வந்தா எனக்கு அது போதும்." சித்தப்பா நாற்காலியில் சாய்ந்து பேப்பரை விரித்தார்.

கோட்டை எடுக்க உள்ளே வந்தவள் கதவைச் சாத்தினாள்.

"எழுந்திரு," என்றாள் கறாராக.

பெண் எழுந்தாள். திட்டு விழப்போகிறது என்று சுவரோரம் ஒதுங்கினாள். ரிப்பேர்க்காரம்மாவோ அவள் நாற்காலியில் உட்கார்ந்து, கீபோர்டை முன்னால் இழுத்துப் போட்டுத் தட்ட ஆரம்பித்தாள். டக் டக்கென்று அறை முழுக்கச் சத்தம். ஒரு கை தட்டிக்கொண்டே இருக்க, மறு கையால் மழைக்கோட்டையும் ஹெல்மெட்டையும் எடுத்து அவளிடம் நீட்டினாள். மேலே ஒரு சாவியை வைத்தாள்.

"வண்டி ஓட்டத் தெரியுமில்ல?"