ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு வந்தவள்

"உனக்கு இங்க என்ன வேலை?"

வாசல்ல நின்னு பாட்டுப் புஸ்தகம் கொடுத்துக்கிட்டிருந்த எனக்கு, கேட்டைத் திறந்துக்கிட்டு வந்த ஜெயசுந்தரியைப் பார்த்ததும் பத்திக்கிட்டு வந்துச்சு.

மல்காஜ்கிரில வெஸ்லி, பெர்லின் வீட்டுல அன்னைக்கு ஸ்தோத்திரக் கூட்டம். எப்பவும் சபையில காரணத்தையும் சேர்த்துத்தான் அறிவிப்பாங்க. பிள்ளைக்கு வேலை கிடைச்சிருக்கு, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருக்குன்னு. இந்தக் கூட்டத்துக்கு மட்டும் காரணம் சொல்லலை. சொல்லாமலே எங்களுக்குத் தெரியும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால இவங்க மக பிளெசிக்கு ஒன்பது வயசு. மெட்டுகுடாவுல கலேப் மாஸ்டர் வீட்டுக்கு டியூஷன் போய்க்கிட்டிருந்தா. மாஸ்டர்தான் சபையில பாட்டுக்குழு லீடர், ஊரெல்லாம் நல்ல பேரு. அந்த ஆள் பிள்ளைகிட்டத் தப்பா நடந்துக்கிட்டான். கேஸ் நடந்து போன வாரம் தீர்ப்பு வந்துச்சு. இருபது வருஷம் ஜெயில்.

அந்தக் கலேப்போட பெண்டாட்டிதான் ஜெயசுந்தரி.

"பெர்லின் வரச் சொன்னா, சாந்தாக்கா," என்றாள்.

"அவ வரச் சொன்னா நீ கைக்கு வந்தே?" எனக்குக் கோபம் வந்தா 'ஏன்'ங்கறதுகூட இந்த ஊர் உருதுல 'கைக்கு'ன்னு தானா வந்துரும். "கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?"

"பாத்துட்டு உடனே போயிருதேன் அக்கா."

"என்னத்தைப் பாக்கப் போற? கோர்ட்டு வாசல்ல உன்னை மூணு தடவை எங்க வீட்டுக்காரர் பாத்திருக்காரு. புருஷனைக் காப்பாத்த அங்க போய் நின்னுட்டு, இப்ப ஜெபத்துக்கு இங்கயா?"

அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "பிள்ளைங்க கேஸ்ல உள்ள நடக்கதை வெளியே பேசக் கூடாதுக்கா."

பெரிய வக்கீல்னு நினைப்பு. நான் நகராம வழியை மறிச்சு நின்னேன்.

எனக்கு அந்த உரிமை உண்டு. விஷயம் தெரிஞ்ச அன்னைக்கு பெர்லின் முதல்ல ஓடி வந்தது எங்கிட்டத்தான். பெண்கள் சங்கத்துச் செயலாளர் ஆச்சே. அவளை உக்கார வச்சு, தண்ணி கொடுத்து, நாலு வார்த்தை சொன்னேன். "பொம்பளைப் பிள்ளை. ஊர் வாயில விழுந்தா நாளைக்குக் கஷ்டம் அதுக்குத்தான். போலீசு கீலீசு நக்கோ, வேண்டவே வேண்டாம். கமிட்டியில சொல்லி அவனைப் பாட்டுக்குழுவை விட்டு எடுத்துருவோம். பிள்ளையை வேற டியூஷனுக்கு மாத்து."

நல்லதுக்குத்தான் சொன்னேன். அவளும் அழுதுக்கிட்டே தலையாட்டிட்டுப் போனா.

ஆனா மறுநாளே குழந்தைகள் நலக் குழுவுல இருந்து அவங்க வீட்டுக்கு ஆள் வந்துட்டாங்க. குழந்தைங்க ஹெல்ப்லைன் இருக்கே, அந்த 1098க்கு யாரோ போன் பண்ணியிருக்காங்க. ஸ்கூல் டீச்சர் யாராவதுதான் பண்ணியிருக்கணும்னு நாங்க பேசிக்கிட்டோம்.

வந்ததும் நல்லதாத்தான் போச்சு, ஒத்துக்கிடுதேன். கிரிஜான்னு ஒரு மேடம் வாரா வாரம் வந்து பிள்ளைகிட்டப் பேசினாங்க. 'உங்க மேல தப்பே இல்லை'ன்னு பெர்லினுக்கும் வெஸ்லிக்கும் திரும்பத் திரும்பச் சொன்னாங்க. கோர்ட்டுக்கும் கூடவே போனாங்க. ஒழுங்காச் சாப்பிடாம, தனியா பாத்ரூமுக்குக்கூடப் போகாம இருந்த பிள்ளை, மெல்ல மெல்லச் சிரிக்க ஆரம்பிச்சா.

இப்படித் தேறி வந்த குடும்பத்துல, இவ மூஞ்சியைப் பார்த்து அந்தப் பிள்ளை மறுபடி பயந்துட்டா யாரு பதில் சொல்றது? அதுதான் என் கவலை.

"ஜெயசுந்தரி, நல்லபடியாச் சொல்லுதேன். பிளெசி உன்னைப் பாக்குறதுக்கு முன்னால கிளம்பிரு."

அவ திரும்பிட்டா. செருப்பைக்கூட மாட்டிட்டா.

அதுக்குள்ள உள்ளே இருந்து யாரோ ஓடி வர்ற சத்தம். பிளெசிதான்.

"மம்மி, ஆன்ட்டி ஒச்சேசாரு!"

ஆன்ட்டி வந்துட்டாங்களாம். தமிழ்ல கேட்டா தெலுங்குல பதில் சொல்ற பிள்ளை. என் கைக்கு அடியில நுழைஞ்சு போய் ஜெயசுந்தரியோட கையைப் பிடிச்சுக்கிட்டா. பிடிச்சதோட விடலை, இழுத்துக்கிட்டு உள்ளே போனா. நானும் பின்னாலயே போனேன்.

கூடத்துல இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. பெர்லின் எழுந்து வந்து ஜெயசுந்தரியைக் கட்டிப் பிடிச்சா. முன்வரிசையில தன் பக்கத்துலயே உக்கார வச்சா.

"முதல் பாட்டு யாரு பாடப் போறா?" பாஸ்டர் கேட்டாரு.

"நேனு பாடுதானு," என்றாள் பிளெசி.

ரெண்டு வருஷமா சபையில உதட்டைப் பிரிக்காத பிள்ளை. எழுந்து நின்னு, கணீர்னு பாட ஆரம்பிச்சா. வெஸ்லி பாடவும் முடியாம, சிரிக்கவும் முடியாம கண்ணைத் துடைச்சுக்கிட்டே கையைத் தட்டுனாரு. ரெண்டாவது அடிக்கு வீடே சேர்ந்து பாடுச்சு. எனக்கும் கண்ணு கலங்கிட்டு.

இருந்தாலும் மனசு ஆறலை. பாட்டுச் சத்தத்துல மெல்ல நகர்ந்து பெர்லின் காதுல குனிஞ்சேன்.

"என்ன பெர்லின் இது? இவ புருஷனுக்காகக் கோர்ட்டுக்கு நடந்தவ. இவளைப் போய் முன்னால உக்கார வச்சிருக்கியே?"

"புருஷனுக்காக இல்லைக்கா. அன்னைக்கு வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்போ கண்ணால பாத்ததை ஜட்ஜ்கிட்டச் சொல்லத்தான் போனாங்க. அவங்க சாட்சிதான் கேஸையே ஜெயிக்க வச்சுச்சு."

பெர்லின் மகளைப் பார்த்துக் கை தட்டுறதை நிறுத்தாமலே, எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி சொன்னா:

"நீங்க என்னை வாயை மூடிக்கச் சொல்லி அனுப்புனீங்களே, அன்னைக்கே 1098க்கு போன் போட்டதும் இவங்கதான்க்கா."